மார்ஷல் திரும்பி வந்த வீடு

மகா சேனாதிபதியின் வீடு என்றதும் கோட்டையும் கொத்தளமும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது சகஜம். சீன தேசத்தில், ஹூனான் மாகாணத்து ஊஷி கிராமத்திலுள்ள மார்ஷல் பெங் தெஹ்வாயின் வீட்டிலோ அத்தகைய ஆடம்பரம் எதுவும் இல்லை. ஓடு வேய்ந்த குடியானவர் வீடுதான் அது.

1898-ஆம் வருஷம் இவ்வூரில் பெங் பிறந்தபோது இந்த வீடு கூடக் கிடையாது. தாயார் இளமையிலேயே காலமானார், தகப்பனாரோ நோயாளி. வருஷப் பிறப்பன்று ஊரார் விருந்துண்ண, சிறுவன் பெங் தம்பியுடன் பிச்சைக்குப் புறப்பட்டானாம். பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1916-ல் பட்டாளத்தில் சிப்பாய் உத்தியோகம். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1925-ல் குடும்பத்துக்காகக் கட்டியதே இந்த வீடு.

1928-ல் பெங் புரட்சிக் கொடியை உயர்த்தினார். 1940-ல் அவருடைய தம்பியர் இருவரும் எதிரிகளால் கொலையுண்டனர். கொரியா யுத்தத்தில் சீனப் படைகளை நடத்திய பெங், 1954-ல் ராணுவ மந்திரியும் 1955-ல் மார்ஷலும் ஆனார்.

1958-ஆம் வருஷக் கடைசியில் அவர் ஊஷிக்குத் திரும்பி வந்தார். விளைச்சல் மலைபோல் குவிந்ததாக அதிகாரிகள் கணக்குக் காட்டிய காலம் அது. ஆனால் இரும்பு உருக்கும் உலைகளுக்காக மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. உழவர் முகங்களில் களையில்லை. பசியை அறிந்த மனிதரை ஏட்டுக் கணக்கு ஏமாற்றுமா? 1959 ஜூலையில் தமது ஐயங்களை மா-சே-துங்குக்குக் கடிதமாக எழுதினார். பலன், பதவி பறிபோயிற்று. அடுத்து வந்த பஞ்சத்தில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

1961-ல், பதவியில்லாத பெங் மீண்டும் இந்த வீட்டுக்கே வந்து தங்கினார். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் விசாரித்து, கண்டதை அறிக்கைகளாக எழுதினார். 1962-ல் எண்பதாயிரம் எழுத்துக்கள் கொண்ட மற்றொரு கடிதத்தில் தம் கட்சியை எடுத்துரைத்தார். கலாசாரப் புரட்சியில் அடியும் அவமானமும் பட்டு, 1974-ல் காவலிலேயே உயிர் துறந்தார். அவருடைய அஸ்தியைக் கூட வேறொருவர் பெயரில் மறைத்து வைத்தார்கள்!

1978-ல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. 1999-ல் அஸ்தி ஊஷி மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

யுத்தகளத்தில் தைரியம் காட்டியவர் பலர் உண்டு. தம் கட்சியின் தலைவரிடமே உண்மை சொல்லும் தைரியம் படைத்தவர் மிகச் சிலர். நாம் இந்த எளிய வீட்டை வணங்குவது, அந்த இரண்டாவது தைரியத்துக்காகவே.