நீரக வண்டியும் பெட்ரோல் வண்டியும்

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஜொகூர் பாரு நகருக்குக் காலையில் புறப்படுவோர், தெப்ராவ் ஆற்றுப் பாலத்தருகே வண்டிகள் எறும்பு வரிசைபோல் ஊர்வதைக் காண்பர். வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை. அதில் எரியும் பெட்ரோலில் எத்தனை பங்கு சக்கரத்தைச் சென்றடைகிறது? இதனை அளந்து கூறுவதே பயனுறுதிறன். எஞ்சினின் வலிமையைக் குறிக்கும் 'திறன்' வேறு. இட்ட ஆற்றலில் பயனாய்க் கிடைத்த பங்காகிய பயனுறுதிறன் வேறு.

பெட்ரோல் எஞ்சின் ஒரு வெப்பப் பொறி. எரிபொருளை எரித்து, அவ்வெப்பத்தால் விரியும் வாயுவைக் கொண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற எப்பொறியாலும் இயலாது; வெப்பநிலைகளே அதற்கு எல்லை வகுக்கின்றன. இவ்வுண்மைக்கு 1824ஆம் ஆண்டில் அடிகோலியவர் பிரான்சு நாட்டுப் பொறியியலார் ஸாதி கார்னோ. புகையோடு போகும் வெப்பமும் உராய்வும் கழிய, சாதாரணப் பெட்ரோல் வண்டியின் சக்கரத்தை அடைவது நூற்றுக்கு 20 முதல் 25 பங்கே. நெரிசலில் அதுவும் குறையும்.

எரிபொருட்கலம் தீ மூட்டுவதில்லை. 1839ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் இதன் வழியைக் காட்டினார். ஹைட்ரஜன் எனப்படும் நீரகம் ஒருபுறமும், காற்றிலுள்ள உயிரகமாகிய ஆக்ஸிஜன் மறுபுறமும் இருக்க, இடையே ஒரு மெல்லிய படலம் உள்ளது. நீரகத்தின் எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிச் செல்கின்றன, அதுவே மின்சாரம். முடிவில் எஞ்சுவது நீர். வெப்பத்தை இடையில் நிறுத்தாமையால் கார்னோவின் எல்லை இதற்கில்லை. வண்டிகளில் அமைந்த கலம் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு வரை மின்சாரமாக்கும். குறைந்த சுமையில் எஞ்சின் சோரும். கலமோ அங்கேதான் சிறக்கும்.

அங்ஙனமாயின், நீரக வண்டி இருமடங்கு சிறந்தது என்று முடிவு கட்டலாமா? அவசரம் வேண்டா. தோட்டத்தில் பால் வெட்டியவர்க்கு இது விளங்கும். வாளியில் காணும் பாலின் எடை வேறு. காய்ந்த ரப்பரின் எடை வேறு. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதானே ரப்பர்! எங்கே நிறுக்கிறோம் என்பதைச் சொல்லாத கணக்கு, கணக்கன்று.

நீரகம் கிணற்றில் ஊறுவதில்லை, அதனை ஆக்கவேண்டும். 100 அலகு மின்சாரத்தால் நீரைப் பிரித்தால் சுமார் 65 அலகு நீரகமாகும். அழுத்தி அடைத்து வண்டியில் நிரப்பும்போது 58 ஆகும். கலம் அதில் பாதியைத் தரும். மோட்டாரைக் கடந்து சக்கரத்தை அடைவது ஏறத்தாழ 26. கச்சா எண்ணெயிலிருந்து கணக்கிட்டால் பெட்ரோல் வண்டிக்குக் கிட்டுவது 17 முதல் 21 வரை. இருமடங்காய்த் தோன்றிய வேற்றுமை எவ்வளவு சுருங்கிவிட்டது, பாருங்கள்!

இன்னும் ஒரு படி பின்னே செல்வோம். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில் 2019ஆம் ஆண்டில் நீரக நிலையம் திறக்கப்பெற்று, நீரகப் பேருந்துகளும் அறிமுகமாயின. சரவாக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி பாக்குன் போன்ற அணைகளிலிருந்து வருவது. எனவே அங்கு அந்த 26 நிலைக்கும். ஜொகூரிலோ, தஞ்சோங் பின்னில் இருப்பது நிலக்கரி மின்நிலையம். கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கே மின்சாரமாகிறது என்று கொண்டால், அதனால் ஆக்கிய நீரகத்தில் சக்கரத்தை அடைவது சுமார் 10 பங்கே! அது பெட்ரோல் வண்டியினும் தாழ்வு. பாலத்தில் செல்லும் வண்டியில் புகை இராது. ஆனால் புகை தஞ்சோங் பின்னில் எழும்.

அதே மின்சாரத்தை நேரே மின்கலத்தில் ஏற்றி ஓட்டினால் 100க்கு 70 பங்குக்கு மேல் பயன்படும் என்பதையும் கருதவேண்டும். விரைவில் நிரப்பி நெடுந்தொலைவு செல்லவேண்டிய கனவண்டிகளுக்கே நீரகம் பெரிதும் ஏற்றதாகலாம்.

ஆகவே, 'இவ்வண்டி சிக்கனமானது' என எவரேனும் கூறின், 'எங்கிருந்து எங்கு வரை?' என்று கேட்க நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக. பொதுப்பணத்தில் பேருந்து வாங்கும் நாளில், அக்கேள்வியே ஊருக்குக் காவலாகும்.