ரூ.8,500 டேஷ்கேம் எனக்கு ரூ.19,800 ஆன கதை: ஹைபிரிட் கார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு, திரும்பி வரும்போது அப்பாவையும் கூட்டிக்கிட்டு காலைல அஞ்சரை மணிக்கு சென்னை வந்து இறங்கினோம். அன்னைக்கு எட்டு மணிக்கு அவருக்குக் கண்புரை ஆபரேஷன். குளிச்சு, ஃபைலை எடுத்துக்கிட்டு ஏழு மணிக்கு பார்க்கிங்குக்கு வந்தா, கார் கதவே திறக்கல. ரிமோட்டை அமுக்குறேன், சத்தமே இல்ல. ரிமோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புச் சாவியை உருவித் திறந்து, ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா டேஷ்போர்டுல நாலு விளக்கு மினுக்கிட்டு அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான்.

அப்பா பையோட நின்னுக்கிட்டே கேட்டார்: "கரண்டுலயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்னு சொன்னியே. இப்ப எதுலயும் ஓடலையேடா?"

ஆட்டோ பிடிச்சுப் போனோம். இருபது நிமிஷம் லேட். நல்லவேளை, வேற ஒருத்தரை முன்னாடி எடுத்துக்கிட்டு அப்பாவுக்குக் கடைசி ஸ்லாட் கொடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கார் மட்டும் மதியம் டோ வண்டில ஏறி சர்வீஸ் சென்டருக்குப் போச்சு.

சர்வீஸ் அட்வைசர் பார்த்துட்டு சொன்னார்: "சார், பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு. 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் செத்துப்போச்சு. டேஷ்கேம் வெளில போட்டீங்களா? ஒயரை வெட்டி ஜாயிண்ட் அடிச்சிருக்காங்க. இதுக்கு வாரண்டி வராது சார்."

புது பேட்டரி, ஒயரிங் சரி செஞ்சது, லேபர் எல்லாம் சேர்த்து ரூ.11,300. டேஷ்கேமுக்கு ஏற்கெனவே கொடுத்தது ரூ.8,500. மொத்தம் ரூ.19,800.

நான் ஒரு சி.ஏ. 'படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க'ன்னு க்ளையன்ட்டுகளுக்கு தினமும் சொல்றவன். என் காரோட வாரண்டி புக்கை அன்னைக்குத்தான் முதல் தடவையா திறந்து பார்த்தேன்.

பெரிய பேட்டரி இருக்கும்போது கார் ஏன் கிளம்பல?

ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்ல ரெண்டு பேட்டரி இருக்கும். சக்கரத்தைச் சுத்துற மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிறது உயர் வோல்டேஜ் பேட்டரி. கதவு லாக், கம்ப்யூட்டர், விளக்கு, ஸ்டீரியோவுக்கெல்லாம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. காரை எழுப்பிவிடுவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவை மூடுவதும் இந்தச் சின்ன பேட்டரியின் வேலை. இது செத்துட்டா பெரிய பேட்டரியில எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. பீரோ நிறைய பணம் இருக்கு, சாவி தொலைஞ்சு போச்சு. அந்தக் கதைதான்.

சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரி, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் அளவுக்குப் பலமாக இருக்கணும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அந்த வேலையைப் பெரிய பேட்டரியும் மோட்டாரும் செய்துவிடும். அதனால் பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரி சின்னதாகவே இருக்கும்.

இப்ப என் டேஷ்கேம் கணக்கு. பார்க்கிங் மோடுல அது 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கலாம். ஒரு நாளைக்கு 0.3 × 24 = 7.2 ஆம்பியர்-ஹவர். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா அஞ்சு நாள்ல காலி. நான் ஊருக்குப் போனது அஞ்சு நாளுக்கு மேல. வோல்டேஜ் குறைஞ்சா தானா கட் பண்ற கிட் தனியா விக்குது. கடைக்காரர் அதைப் போடலாமான்னு கேட்டார். ரூ.1,200 எக்ஸ்ட்ரான்னதும் "வேண்டாம் அண்ணே"ன்னு நான்தான் சொன்னேன்.

ஹைபிரிட் வாங்கினதே மிச்சம் பிடிக்கத்தானே?

அதே காரோட சாதாரண பெட்ரோல் மாடலைவிட ஹைபிரிட்டுக்கு ஆன்-ரோடு ரூ.3,00,000 அதிகம்னு வெச்சுக்கோங்க. பெட்ரோல் லிட்டர் ரூ.100. சிட்டி டிராஃபிக்குல பெட்ரோல் மாடல் லிட்டருக்கு 13 கி.மீ., ஹைபிரிட் 20 கி.மீ. உங்க கார், உங்க ரூட்டுக்கு ஏத்த மாதிரி நம்பரை மாத்திக்கலாம்.

- பெட்ரோல் மாடல்: கி.மீ.க்கு ரூ.7.70
- ஹைபிரிட்: கி.மீ.க்கு ரூ.5.00
- மிச்சம்: கி.மீ.க்கு ரூ.2.70

கூடுதலா கொடுத்த ரூ.3,00,000 திரும்பி வர சுமார் 1,11,000 கி.மீ. ஓட்டணும். மாசம் 2,000 கி.மீ. ஓட்டுறவருக்கு நாலரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. என்னை மாதிரி மாசம் 1,000 கி.மீ. ஓட்டுறவருக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல.

'வரில ஏதாவது திரும்பி வருமா சார்?'னு கேட்பீங்க. வராது. 80இஇபி பிரிவுல கார் லோன் வட்டிக்கு ரூ.1,50,000 வரைக்கும் கழிவு இருந்தது முழு எலெக்ட்ரிக் வண்டிக்கு மட்டும்தான். அதுவும் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன லோனுக்கு. ஹைபிரிட் அதுல கிடையாது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். எலெக்ட்ரிக் காருக்கு 5%. நாலு மீட்டருக்கு மேல நீளமான ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 40%.

ஆக, நம்ம கையில இருக்கிறது அந்த ரூ.2.70 மட்டும்தான். காருக்குள்ள எதைப் போட்டாலும் அதிலிருந்துதான் போகுது. அதனால எந்த ஃபிட்டிங்கையும் நான் இப்ப ரூபாய்ல பார்க்கிறதில்ல, கிலோமீட்டர்ல பார்க்கிறேன்.

- டேஷ்கேம் கதை ரூ.19,800: 7,300 கி.மீ. அதாவது ஏழு மாச மிச்சம்.
- பெரிய டச் ஸ்கிரீன், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் செட் ரூ.45,000: 16,700 கி.மீ. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷ மிச்சம்.
- பெரிய அலாய் வீல், அகலமான டயர்: இதுதான் டபுள் அடி. வாங்குற காசு ஒரு பக்கம். எடையும் உராய்வும் கூடி மைலேஜ் 20-லிருந்து 18.5-க்கு இறங்கினா, மிச்சம் ரூ.2.70-லிருந்து ரூ.2.30 ஆயிடும். போட்ட 3 லட்சம் திரும்பி வர 1,11,000 கி.மீ.க்குப் பதிலா 1,30,000 கி.மீ. ஓட்டணும்.

போடவே கூடாதுன்னு சொல்லல. பாட்டு கேட்டுக்கிட்டு டிராஃபிக்குல உட்கார்றது ஒரு சந்தோஷம், சந்தோஷத்துக்கும் பட்ஜெட் உண்டு. அது செலவுன்னு தெரிஞ்சு பண்ணுங்க, 'மிச்சம் பிடிக்கிற கார்'ங்கிற நினைப்புல பண்ணாதீங்க.

"வீட்டு பிளக்குல சார்ஜ் போட முடியாதா?"

ஆபீஸ்ல எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஒரு பெரிய பேட்டரி வாங்கி மாட்டிட்டா பெட்ரோலே போட வேண்டாமே?

இந்த ஆசை புதுசு இல்ல. டொயோட்டா ப்ரியஸ் 1997-ல ஜப்பான்ல வந்தது. அமெரிக்காவுல ஓடின ப்ரியஸ் கார்களை பிளக்-இன் ஹைபிரிட்டா மாத்த ஹைமோஷன்ங்கிற பேர்ல 5 யூனிட் பேட்டரி கிட் ஒண்ணு 2008-ல விற்பனைக்கு வந்தது. ஏ123 சிஸ்டம்ஸ் கம்பெனியோட தயாரிப்பு. விலை 9,995 டாலர்.

கணக்கு போடுவோம். அந்த வருஷம் அங்க பெட்ரோல் உச்சத்துல இருந்தப்போ காலன் சுமார் 4 டாலர். 9,995 டாலருக்கு ஏறக்குறைய 2,500 காலன் பெட்ரோல் வாங்கலாம். அன்றைய ப்ரியஸ் ஒரு காலனுக்கு 46 மைல் ஓடும். அந்த 2,500 காலன்ல கிட்டத்தட்ட 1,15,000 மைல், அதாவது 1,85,000 கி.மீ. ஓடியிருக்கலாம். கிட் போட்ட பிறகு ஒரு சொட்டு பெட்ரோல் கூட செலவாகல, கரண்டும் இலவசம்னு வெச்சாக்கூட போட்ட காசை எடுக்க அவ்வளவு தூரம் ஓட்டணும். 2012 அக்டோபர்ல அந்தக் கம்பெனியே திவால் மனு போட்டது.

மாத்தினவங்கள்ல பலர் ஆர்வத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் பண்ணினாங்க, அது வேற விஷயம். காசு மிச்சமாகும்னு பண்ணினா கணக்கு உதைக்குது. ஏற்கெனவே நல்ல மைலேஜ் தர்ற கார்ல மேற்கொண்டு மிச்சம் பிடிக்க பெருசா இடம் இருக்காது.

உங்க ஃபிட்டிங் எந்தக் காகிதத்தைத் தொடுது?

கிலோமீட்டர் கணக்குக்கு அப்புறம் நான் கேட்கிற கேள்வி இதுதான். ஒரு காருக்கு மூணு காகிதம்.

முதல்ல வாரண்டி. இங்க விக்கிற டொயோட்டா, மாருதி ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களுக்கு ஹைபிரிட் பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதல்ல வருதோ அது. காரிலேயே விலை அதிகமான பாகத்துக்கான பாதுகாப்பு இது. ஒயரை வெட்டி ஜாயிண்ட் அடிச்சா, அதனால வந்த கோளாறுக்கு வாரண்டி கேட்க முடியாது. ஃபியூஸ் பாக்ஸ்ல ஃபியூஸ் டேப் போட்டு எடுத்தா ஒயரை வெட்டவே வேண்டாம். ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணுல பட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, அது உயர் வோல்டேஜ்.

யாரும் யோசிக்காத ஒண்ணு, சீட் கவர். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகும் ஜன்னல் பின் சீட் ஓரத்தில் இருக்கும். டைட்டா ஒரு சீட் கவர் போட்டு அதை மூடிட்டா பேட்டரி சூடாகும். கவர் போடுறவர்கிட்ட அந்த இடத்தைக் காட்டிட்டு வேலையைக் கொடுங்க.

ரெண்டாவது இன்ஷூரன்ஸ். கம்பெனி ஃபிட்டிங் இல்லாத எலெக்ட்ரானிக் ஐட்டத்தைப் பாலிசியில் சொல்லி பிரீமியம் கட்டினால்தான் கவர் ஆகும். அதுக்குத்தான் ஐ.எம்.டி. 24ங்கிற என்டார்ஸ்மென்ட். பொருள் மதிப்பில் 4%. ரூ.45,000 மியூசிக் செட்டுக்கு வருஷம் ரூ.1,800, ஜி.எஸ்.டி.யோட ரூ.2,124. இதையும் விலையோட சேர்த்துப் பாருங்க. இன்னொண்ணு, எலெக்ட்ரிக்கல் கோளாறால வர்ற நஷ்டத்தை சாதாரண பாலிசி ஏத்துக்காது. அதனால என் செத்த பேட்டரிக்கு க்ளெய்ம் பேச்சே இல்ல. விபத்துல பேட்டரி அடிபட்டாலும் தேய்மானம்னு 50% கழிச்சுத்தான் கொடுப்பாங்க. ஹைபிரிட் வெச்சிருக்கிறவங்க ஜீரோ டெப்ரிசியேஷன் எடுக்கிறப்போ, ஹைபிரிட் பேட்டரியும் அதுல வருதான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

மூணாவது ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. டேஷ்கேம் இதுல வராது. எஞ்சின், எரிபொருள், பாடி இதுல கை வைக்கிற எதுவும் வரலாம்.

நான் இப்ப என்ன பண்றேன்?

டேஷ்கேமைக் கழட்டல, அது தேவைதான். அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன ரூ.1,200 கிட்டை இப்ப போட்டுட்டேன். 12.2 வோல்ட்டுக்குக் கீழ போனா தானா கட் ஆகும். ரெண்டு நாளைக்கு மேல கார் நிக்கும்னா பார்க்கிங் மோடையே ஆஃப் பண்ணிடுறேன். நிறுத்தி வெச்சு பாட்டு கேட்டா 'ரெடி' விளக்கு எரியுதான்னு பார்த்துக்கிறேன். 'ரெடி'ல இல்லாதப்போ சின்ன பேட்டரி சார்ஜ் ஆகாது, கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா 'ரெடி'ல இருக்கிறப்போ எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும். அதனால காத்தோட்டம் இல்லாத மூடின ஷெட்டுல அப்படி விட்டுட்டுப் போகாதீங்க.

போன மாசம் அப்பாவுக்கு ரெண்டாவது கண் ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரியே கீழ போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு வந்தேன். காலைல கிளம்பும்போது அப்பா கேட்டார், "எதுக்கும் ஆட்டோ நம்பர் வெச்சிருக்கியா?"

வெச்சிருந்தேன். தேவைப்படல.

உங்க கார்ல கடைசியா என்ன ஃபிட்டிங் போட்டீங்க, அது எத்தனை கிலோமீட்டர்? உங்க நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.