லாராவெலில் இருந்து ஜாங்கோவுக்கு: மாறுவது எது, மாறாதது எது?

மேல்நிலை வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படிக்கும் மாணவர்களுக்குப் பி.எச்.பி. பாடமாக இருக்கிறது. பக்கத்து வகுப்பில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்குப் பைத்தான். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் வந்து கேட்பார்: "சார், பி.எச்.பி. எல்லாம் பழசாமே. இதைப் படிச்சது வீண்தானா?"

எங்கள் பள்ளிக்காக நான் லாராவெலில் எழுதி வைத்திருந்த மதிப்பெண் பதிவுச் செயலியை ஜாங்கோவுக்கு மாற்றும் வரை, இதற்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை. மதிப்பெண்களை வரைபடமாக்கிப் பார்ப்பது பைத்தானில் எளிது என்பதால் மாற்றினேன். புதியது என்பதற்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் மாற்றாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

லாராவெல், ஜாங்கோ இரண்டும் ஃபிரேம்வொர்க்குகள். தமிழில் சட்டகம் எனலாம். லாராவெலை டெய்லர் ஆட்வெல் 2011-இல் வெளியிட்டார். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் இணையதளப் பணிக்காக உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. உலாவியிலிருந்து கோரிக்கை வருகிறது. முகவரியைப் பார்த்து அதற்குரிய செயற்கூறு இயங்குகிறது. தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கப்படுகிறது. அது பக்கத்தில் பொருத்தப்பட்டு உலாவிக்குத் திரும்புகிறது. எந்தச் சட்டகத்திலும் இந்த வரிசை மாறுவதில்லை.

மாறுவது பெயர்கள். நான் முதலில் தடுமாறியதும் அதில்தான். லாராவெலில் 'வியூ' என்றால் கண்ணுக்குத் தெரியும் பக்கம். வேலையைச் செய்வது 'கன்ட்ரோலர்'. ஜாங்கோவிலோ வேலையைச் செய்வதற்குத்தான் 'வியூ' என்று பெயர், பக்கத்திற்கு 'டெம்ப்ளேட்'. ஒரே சொல், வேறு பொருள். பெயர் புதிதாக இருந்தால் மாணவர் நின்று யோசிப்பார். தெரிந்த பெயராக இருப்பதால்தான் ஏமாறுகிறார்.

பக்கத்திற்குள் மாணவர் பெயரை அச்சிட இரண்டிலுமே இரட்டை நெளிவு அடைப்புக்குறிகள்தாம். பெயர்ப் பெட்டியில் யாராவது விளையாட்டாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தட்டச்சு செய்தால், இரண்டுமே அதை இயங்கவிடாமல் வெறும் எழுத்தாகக் காட்டும். வெறும் பி.எச்.பி.யில் 'எக்கோ' மட்டும் எழுதினால் அந்த நிரல் உலாவியில் இயங்கிவிடும். சட்டகம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான்.

தரவுத்தளத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருக்கும் அட்டவணைகளைப் படித்து, அவற்றுக்கான வகுப்புகளைத் தானே எழுதித் தரும் 'இன்ஸ்பெக்ட்டிபி' என்ற கட்டளை ஜாங்கோவில் உண்டு. ஆனால், ஒரு பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற நேரத்தை லாராவெல் தானாகவே குறித்துவந்தது. அப்படிக் குறிக்க வேண்டும் என்று ஜாங்கோவிடம் நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. மதிப்பெண் திருத்தங்களின் நேரம் சில நாள்கள் பதிவாகவே இல்லை.

பெரிய சிக்கல் கடவுச்சொல்லில் வந்தது. அரையாண்டு மதிப்பெண்களைப் பதிய வேண்டிய வாரத்தில் ஓர் ஆசிரியரால்கூட உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொற்கள் தரவுத்தளத்தில் அப்படியே இருப்பதில்லை. திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்கப்படுகின்றன. லாராவெல் அதற்குப் 'பிகிரிப்ட்' முறையைக் கையாண்டிருந்தது. ஜாங்கோ இயல்பாக எதிர்பார்ப்பது வேறொரு முறையை. பழைய கடவுச்சொற்கள் சரியாகவே இருந்தும் அதற்குப் புரியவில்லை.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல் கொடுத்துவிடலாமா என்று அவசரத்தில் யோசித்தேன். அப்படிக் கொடுத்திருந்தால் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் யார் வேண்டுமானாலும் திருத்தியிருக்கலாம். திருத்தியது யார் என்றும் தெரிந்திருக்காது. ஜாங்கோவின் விளக்கக் கையேட்டைப் பொறுமையாகப் படித்த பிறகு வழி கிடைத்தது. பிகிரிப்ட் முறையையும் ஏற்கும்படி அமைப்புக் கோப்பில் சேர்த்து, பழைய பதிவு ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த முறையின் பெயரை ஒட்டினால் போதும். ஆசிரியர் தம் பழைய கடவுச்சொல்லைக் கொண்டு ஒருமுறை நுழைந்ததும், ஜாங்கோ அதைத் தன் முறைக்கு மாற்றிக்கொள்கிறது. மாற்றும் முன்பே சோதனைப் பிரதி ஒன்றில் இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போது ஆய்வகத்தில் இரு பிரிவிலிருந்தும் ஒவ்வொருவராகச் சேர்த்து இணை இணையாக உட்கார வைக்கிறேன். ஒருவர் மாணவர் பட்டியல் பக்கத்தைப் பி.எச்.பி.யில் எழுதுவார், மற்றவர் அதையே ஜாங்கோவில் எழுதுவார். ஜாங்கோவை ஒருமுறை நிறுவிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை, எஸ்.கியூ.லைட் தரவுத்தளம் பைத்தானுடனேயே வருவதால் தனியாகச் சேவையகமும் வேண்டாம். பக்கங்கள் இயங்கியதும், எந்த வரியின் வேலையை எந்த வரி செய்கிறது என்று இருவரும் கோடிட்டு இணைக்க வேண்டும். கடைசியில், ஜாங்கோ தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவலை அச்சிட்டுப் பார்க்கச் சொல்வேன். திரையில் வருவது, இருவருக்கும் முன்பே தெரிந்த அதே 'செலக்ட்' கட்டளை.