மார்பில் கட்டி: அகற்றும் முன் அறிய வேண்டியவை

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. "கொழுப்புக் கட்டியாக இருக்கும்" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகின்றனர். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆயினும், வலி இல்லை என்பது மட்டுமே கட்டி தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது.

மார்புச் சுவர் தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு, குருத்தெலும்பு எனப் பல அடுக்குகளால் ஆனது. எந்த அடுக்கிலும் கட்டி தோன்றலாம். தோலுக்கடியில் மெத்தென்று நகர்வது பெரும்பாலும் கொழுப்புக் கட்டியே. மேல் விலா எலும்புகள் நெஞ்செலும்புடன் சேருமிடத்தில் வலியுடன் காணும் வீக்கம் குருத்தெலும்பு அழற்சியாக இருக்கலாம். சூடும் சிவப்பும் இன்றி மெல்லப் பெருகும் வீக்கம் காசநோய்ச் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும். எலும்பிலும் தசையிலும் தோன்றும் புற்றுநோய் அரிது, எனினும் உண்டு. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும் என்பதால், முலைக்காம்பின் அடியில் கெட்டியான கட்டி தென்பட்டால் அவர்களும் தயங்காமல் வர வேண்டும்.

கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருத்தல், தொடர்ந்து வளர்தல், அசையாமல் ஒட்டியிருத்தல், இரவில் வலித்தல், மாலைக் காய்ச்சல், உடல் எடை குறைதல், முன்பு அகற்றிய இடத்திலேயே மீண்டும் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் காலம் தாழ்த்தலாகாது.

முதலில் கட்டியைத் தொட்டுப் பார்த்து ஆராய்கிறோம். பின்னர் எக்ஸ்ரே, அல்ட்ரா சவுண்ட் எடுக்கிறோம். ஆழமான கட்டியாயின் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஐயம் நீடித்தால், மரத்துப்போகும் மருந்து செலுத்தி, ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிக்கிறோம். இதுவே பயாப்ஸி.

"ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்று அஞ்சுவோர் பலர். அறுவை சிகிச்சை செய்யவிருக்கும் மருத்துவருடன் கலந்து, ஊசி செல்லும் வழியை முன்னரே வகுத்துச் செய்யும்போது அந்த அபாயம் மிகக் குறைவு. உண்மையான ஆபத்து, இன்னதென்று அறியாமல் கட்டியை அகற்றுவதில்தான் உள்ளது. அது புற்றாக இருந்து, திசுக்கள் எஞ்சிவிட்டால், இரண்டாம் அறுவை முன்னதைவிடப் பெரிதாகிவிடும். காசநோய்ச் சீழ்க்கட்டியைச் சாதாரணக் கட்டியென எண்ணிக் கீறிவிட்டால், புண் ஆறாமல் சீழ் கசிந்துகொண்டேயிருக்கும். அதற்குக் குறைந்தது 6 மாதக் காசநோய் மருந்து தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

எனவே, கட்டியை உருவிவிடுதல், பற்றுப் போடுதல், பிதுக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டுகிறோம். கட்டியை முதலில் கவனித்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் உடன் கொண்டு வாருங்கள். வேறிடத்தில் கட்டியை அகற்றியிருந்தால், அது திசு ஆய்வுக்கு அனுப்பப்பட்டதா எனக் கேட்டு, அறிக்கையைப் பெற்று வாருங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய எங்களுக்கு உதவுவதும் அதுவே.