வீட்டில் வாசித்த கேம் இசை யாருக்குச் சொந்தம்?

1986-இல் வெளிவந்த 'த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' வீடியோ கேமுக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'பொலேரோ'வைப் பயன்படுத்தத்தான் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ முதலில் நினைத்திருந்தார். அதன் பதிப்புரிமைக் காலம் முடியவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்ததும், ஒரே இரவில் வேறு இசை அமைத்தார். இன்று எத்தனையோ பேர் வீட்டில் கிதாரோடு உட்கார்ந்து ஆசையாக வாசித்துப் பதிவு செய்வது அந்த இசையைத்தான்.

"கேமிலிருந்து ஒரு நொடி ஒலிகூட எடுக்கவில்லையே, எல்லாம் நான் வாசித்ததுதானே?" என்று கேட்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. நீங்களே வாசிக்கும்போது இரண்டாவதைத் தொடவில்லை; முதலாவது அப்படியே இருக்கிறது. இந்தியாவில் அது இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். காசு வாங்கவில்லை என்பதோ, வீடியோவின் கீழே அவர் பெயரை நன்றியோடு போடுவதோ அனுமதி ஆகிவிடாது.

பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13(3) பிரிவுப்படி, மெட்டின் உரிமையை மீறி எடுத்த ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடையாது. மாதக்கணக்கில் பழகி, தெரு அடங்கிய பிறகு மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்ததை வேறொருவர் எடுத்துத் தன் சேனலில் போட்டுக்கொண்டால், அந்த ஒலிப்பதிவின் மேல் பதிப்புரிமை கோர உங்களுக்குப் பிடிமானம் இருக்காது. அனுமதி வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது முதலில் உங்கள் உழைப்பைக் கருதித்தான்.

கவர் பதிவுக்கென்றே, அதாவது ஏற்கெனவே வெளிவந்த மெட்டை வேறொருவர் வாசித்துப் பதிவு செய்வதற்கென்றே, இந்தியச் சட்டத்தில் 31சி பிரிவு உண்டு. ஆனால் முதல் பதிவு எடுத்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டியும் கட்ட வேண்டும். வீட்டில் வாசிப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அமெரிக்காவின் கட்டாய உரிமம் எளிது என்றாலும் அது ஒலிக்கு மட்டும்தான். படத்தோடு சேர்த்து வீடியோவாக வெளியிட அங்கேயும் தனி அனுமதி வேண்டும். பலர் இடறுவது இங்கேதான்.

டெட்ரிஸ் கேமின் இசைக்கு அனுமதி வேண்டாம் என்பார்கள். அது 'கொரபெய்னிகி' என்ற 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பாட்டிலிருந்து வந்தது. அந்த மெட்டு பொதுச்சொத்து. 1989-இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக ஹிரோகாஸு தனாகா செய்த இசைக்கோப்பு அப்படியல்ல. பழைய மெட்டை எடுத்து நீங்களே இசைக்கோப்பு செய்யுங்கள்.

பதிவேற்றிய வீடியோக்களைத் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பிலிருந்து கிளெய்ம் (உரிமைக் கோரல்) வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். பதிப்புரிமை மீறலுக்கான ஸ்ட்ரைக் வேறு: 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடலாம். அதே மெட்டை வாசித்த இன்னொருவரின் பதிவோடு உங்களுடையதை கன்டென்ட் ஐடி குழப்பிக்கொள்வதும் உண்டு. அப்போது ஆட்சேபம் தெரிவியுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். ஆனால் மெட்டுக்கு அனுமதியே இல்லாமல் ஆட்சேபித்தால் அது ஸ்ட்ரைக்கில் போய் முடியலாம். வாசித்தது நீங்கள்தான் என்று காட்ட, எடிட் செய்யாத மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

அனுமதி கேட்க, சவுண்ட்ட்ராக் ஆல்பத்தில் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். எந்த மெட்டு, எந்த வாத்தியம், ஒலியா வீடியோவா, வருமானம் உண்டா என்பதை நாலே வரியில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பதிவேற்றுங்கள்.