உக்கடம் ரோட்டுக்கு அடியில் ஓடும் தண்ணீர்... கோவையின் கண்ணில் படாத வாய்க்கால்கள்!

பலத்த மழை பெய்தால் போதும், கோவை லங்கா கார்னர் ரயில்வே பாலத்தின் கீழ் தண்ணீர் தேங்கிவிடும். பக்கத்தில்தான் அரசு மருத்துவமனை. அவசரத்துக்கு வருபவர்களும் சுற்றித்தான் போக வேண்டும். இந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் வாலாங்குளம். அதற்கான வழி தரைக்கு அடியில் இருக்கிறது.

குளத்துக்குக் குளம்

நொய்யலின் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால், நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளங்களுக்குத் தண்ணீர் தருகிறது. உபரிநீர் செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என இறங்கும். ஊர் பெருத்தபோது இந்த வழிகளின் மேல் ரோடு வந்தது. பல இடங்களில் வாய்க்கால் சிறுபாலத்துக்குள்ளும் சிலாப்புக்கு அடியிலும் மறைந்துபோனது. உள்ளே மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்தால், தண்ணீர் ரோட்டுக்குத்தான் வரும்.

கொங்கு வழக்கில் 'பள்ளம்' என்றால் ஓடை. நகரின் நடுவே சிங்காநல்லூர் பக்கம் போகும் சங்கனூர் பள்ளம் இன்னும் திறந்தே கிடப்பதால், அதன் நிலைமையாவது கண்ணுக்குத் தெரிகிறது.

லண்டனில் ஃப்ளீட் என்ற ஆறே தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது. தென் கொரியாவின் சியோல் நகரம், மூடி வைத்த சியோங்கியேசியோன் ஓடையின் மேலிருந்த சாலையை இடித்து, 2005-ல் 5.8 கி.மீ. தூரத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டது.

உள்ளே இறங்கலாமா?

கூடவே கூடாது. சாக்கடை கலந்த மூடிய வாய்க்காலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். லேசாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. மயங்கியவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து விழுவது அதனால்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறை சிக்கினாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளைக் கூட்டி வந்த வீட்டுக்காரரும் தப்ப முடியாது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக 2023-ல் உயர்த்தியது உச்ச நீதிமன்றம்.

வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால் 14420 எண்ணுக்கு அழைத்து லாரியை வரவழையுங்கள். வாசல் குப்பையை வடிகாலில் தள்ளாதீர்கள். இங்கே தள்ளுவது அடுத்த மழைக்கு எந்தப் பாலத்தின் கீழ் அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது!