தாமதித்து வந்த நீலம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகி, மருத்துவமா பொறியியலா என்ற முதற்சுற்று விவாதம் வீடுகளில் ஒருவாறு ஓய்ந்தபின், மற்றப் பட்டப்படிப்புகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பெற்றோர் யோசிக்கும் நாட்களில், வேதியியல், உயிர்வேதியியல் என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்துக் கண்ணிற்படுவதும், இவற்றுள் எதை எடுத்தால் பிள்ளைக்குச் சீக்கிரம் உத்தியோகம் கிடைக்கும் என்று விஷயம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் விசாரிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவைதாம். முன்னது பழைய சரக்கு, பின்னதற்கே எதிர்காலம் என்று ஒருவர் சொல்வார். மூலப்பாடத்தை விட்டுக் கிளைப்பாடத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனம் அன்று என்று இன்னொருவர் சொல்வார். ரசாயனமாயினும் ஜீவ ரசாயனமாயினும் சோதனைச்சாலையில் ஒரே கைப்பழக்கத்தில்தான் தொடங்குகிறது என்பதும், அந்தப் பழக்கம் படியாத மாணவருக்கு இரண்டில் எதுவுமே வசப்படுவதில்லை என்பதும் இருவர் பேச்சிலும் இடம்பெறுவதில்லை.

அந்தப் பழக்கம் எத்தகையது என்பதற்கு, ரசாயனம் எடுத்த மாணவர் அநேகமாக எல்லாரும் செய்யும் ஒரு சாதாரணப் பரிசோதனையைப் பார்க்கலாம். 20 மில்லி ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பிப்பெட்டினால் அளந்து கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ஏறக்குறைய 60 டிகிரி வரை சூடாக்கி, ப்யூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதில் விட வேண்டும். பெர்மாங்கனேட்டின் நிறம் அமிலத்தோடு வினைபட்டு மறையும். அமிலம் முழுதும் தீர்ந்தபின் விழும் சொட்டு மறைய வழியில்லாமல் வெளிர் சிவப்பாக நின்றுவிடும். அந்த இடத்தில் குழாயைத் திருகி நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் முதற் சொட்டு விழுந்தவுடனேயே நிறம் நிலைத்து நின்றுவிட்டது போலத் தோன்றும். பரிசோதனை முடிந்துவிட்டதென்று மகிழ்ந்து ரீடிங் எழுத நோட்டைத் திறப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் உண்டு. பொறுத்திருந்து குடுவையை ஆட்டிக்கொண்டே இருப்பவருக்கோ சில விநாடிகளில் அந்த நிறம் மெல்லக் கரைந்து மறைவதும், இரண்டாம் சொட்டு அதைவிட விரைவாக மறைவதும், அதன்பின் சொட்டுகள் விழுந்த மாத்திரத்தில் நிறமிழப்பதும் கண்கூடாகத் தெரியும். இந்த வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனி இதே வினையைத் துரிதப்படுத்தும் இயல்புடையது. முதற் சொட்டு விழும்போது குடுவையில் அது இல்லாமையினாலேயே அந்தத் தயக்கம். வினையூக்கம் என்ற கருத்தைப் பத்துப் பக்கம் படித்து அறிவதற்கும், ஒரு சொட்டின் தயக்கத்தில் அதைப் பிரத்தியட்சமாகக் கண்டுகொள்வதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

வினையூக்கிகள் ஜீவராசிகளின் உடலில் செய்யும் வேலையே ஜீவ ரசாயனத்தின் பெரும்பகுதி. அங்கும் முதல் வகுப்புகளில் ஒன்று, ஸ்டார்ச்சுக் கரைசலில் சிறிது உமிழ்நீரைக் கலந்து வைத்துவிட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டின் குழிகளில் அயோடின் சொட்டுகளை வரிசையாக இட்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டு அக்கலவையை எடுத்து அவற்றில் விட்டுப் பார்ப்பதுதான். முதற்குழியில் மை போன்ற நீலம். அடுத்தடுத்து ஊதா, செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் இயற்கையான மஞ்சள். உமிழ்நீரை முன்னதாகவே கொதிக்க வைத்துவிட்டாலோ, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நீலம் மாறாது. ஸ்டார்ச்சைச் சிதைத்த அமிலேஸ் என்ற என்சைம் ஒரு புரதம். சூட்டில் அதன் உருக் குலைந்துவிடுகிறது.

இப்போது முதலாண்டு மாணவர் அரைமணியில் காணும் இவ்வுண்மையை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. உயிர்ப்பொருள்களை ஆக்க உயிர்ச்சக்தி என்று தனியாக ஒன்று வேண்டும் என்ற நம்பிக்கை, 1828-இல் வோலர் என்ற ஜெர்மானியர் யூரியாவைச் சோதனைச்சாலையில் ஆக்கிக் காட்டியபோது ஆட்டம் கண்டது; 1897-இல் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தெடுத்த சாறு, உயிரணு ஒன்றுகூட இல்லாத நிலையிலும் சர்க்கரையைப் புளிக்க வைத்தபோது இன்னும் தளர்ந்தது. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த சம்னர், வாளவரை இனத்துப் பயறு ஒன்றின் மாவிலிருந்து யூரியேஸ் என்னும் என்சைமைப் படிகமாகவே பிரித்தெடுத்து, என்சைம் என்பது புரதமே என்று 1926-இல் நிலைநாட்டினார். பதினேழாம் வயதில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு ரசாயனம் வேண்டாம், சட்டம் படி என்று ஹார்வர்டுப் பேராசிரியர் ஃபோலின் அவருக்குப் புத்தி சொன்னாராம். அதைக் கேளாமல் அதே ஃபோலினிடம் டாக்டர் பட்டமும் பெற்று, யூரியேஸின் பின்னால் ஒன்பது ஆண்டுகள் உழைத்த சம்னருக்கு 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கைவேலை இப்படியிருக்க, நம் கல்லூரிகளில் ஜீவ ரசாயனத்துக்கு மனப்பாடப் படிப்பு என்ற பெயர் வந்து சேர்ந்தது வருந்தத்தக்கது. 1937-இல் கிரெப்ஸ் கண்டறிந்து வெளியிட்ட சிட்ரிக் அமிலச் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் உணவின் கரிப்பொருள் இறுதியாக எரிந்து கரியமில வாயுவாகும் இப்பாதையின் படிகளை, ஒவ்வொரு படிக்கும் உரிய என்சைமின் பெயரோடு, குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் மாணவர்களே அதிகம். ஆனால் அச்சுழற்சியின் தொடக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பிறந்த மாத்திரத்தில் சிட்ரிக் அமிலத்திலிருந்து ஒரு மூலக்கூறு நீர் நீங்குகிறது; நீங்கிய நீர் உடனே வேறோரிடத்தில் மீண்டும் சேர்கிறது. எடுத்ததையே திரும்பக் கொடுக்கும் இந்த வீண்வேலை எதற்கு? சிட்ரிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டியிருக்கும் கார்பனில் பறிகொடுப்பதற்கு ஹைட்ரஜன் இல்லை. ஆகவே அதை ஆக்சிஜனேற்றம் செய்வது கடினம். பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ராக்சிலை அங்கே இடம் மாற்றி வைத்துவிட்டால் அடுத்த படி சுலபமாகிறது. உயிரணு அதைத்தான் செய்கிறது. மூன்றாம்நிலை ஆல்ககாலுக்கும் இரண்டாம்நிலை ஆல்ககாலுக்கும் உள்ள வேற்றுமையைக் கரிம ரசாயன வகுப்பில் கருத்தோடு கேட்ட மாணவருக்கு இந்தப் படியை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே நேராது.

தாமதத்தைக் கவனிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்பதற்கு, உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் பயிலும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையின் வரலாற்றைப் போன்ற நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. 1895-இல் அக்காலச் சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதராடை அணிந்தமையால் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்தை அடைந்த அவர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், மேலே சொன்ன ஃபோலினின் தலைமையில் இருந்த ஜீவ ரசாயனத் துறையில், சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார்.

இரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எளிதாகவும் நம்பகமாகவும் அளப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. முதலில் ஓர் அமிலத்தால் புரதங்களைத் திரையச் செய்து வடிகட்டிவிட வேண்டும். வடிநீரில் அமிலங்கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டோடு கூடி ஒரு சேர்மமாகும். ஆக்சிஜன் ஒடுக்கும் பொருள் ஒன்றைப் பின்னர்ச் சேர்த்தால் அச்சேர்மம் அழகிய நீலமாக மாறும். நீலத்தின் ஆழம் பாஸ்பேட்டின் அளவுக்கு ஏற்றவாறு அமையுமாதலால், அளவு தெரிந்த கரைசல்களின் நீலத்தோடு ஒப்பிட்டுத் தெரியாத அளவைக் கண்டுவிடலாம். இருவரும் 1925-இல் வெளியிட்ட இம்முறை விரைவிலேயே உலகமெங்கும் பரவிற்று.

ஆனால் தசையிலிருந்து எடுத்த வடிநீரை அளக்கப் புகுந்தபோது கணக்கு உதைத்தது. வேறு கரைசல்களில் குறித்த நேரத்தில் முழுமை பெற்றுவிடும் நீலம், தசையின் வடிநீரில் தாமதித்து, நேரம் செல்லச் செல்ல மெல்ல ஆழ்ந்துகொண்டே போயிற்று. முறையில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, வசதியான ஒரு நிமிடத்தில் அளவைக் குறித்துக்கொண்டு மேலே போவதற்கு அவர்களைத் தடுப்பார் யாருமில்லை. அவர்களோ, அதுவரை பாஸ்பேட்டாக வெளிப்படாமல் எதனோடோ பிணைந்து கிடந்த ஒரு பொருள், சோதனைக்காகச் சேர்த்த அமில மாலிப்டேட்டிலேயே சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். ஊகம் மெய்யாயிற்று. தசையில் உள்ள சாதாரண பாஸ்பேட்டு என்று அதுகாறும் எல்லாரும் கணக்கிட்டு வந்ததில் பெரும்பகுதி, உண்மையில் கிரியேட்டினோடு சேர்ந்த பாஸ்போகிரியேட்டின் என்ற புதிய பொருள். தசையைச் சுருங்கச் செய்தால் அது குறைகிறது. ஓய்வு கொடுத்தால் மறுபடியும் பெருகுகிறது. இது 1927-இல் வெளியாயிற்று. லண்டனில் எகிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் தனியாக இப்பொருளைக் கண்டார்கள். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அன்று செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை சரிவதற்கு இக்கண்டுபிடிப்பு வழிகோலியது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் சக்திப்பொருளை ஜெர்மனியில் லோமன் கண்டபோது, ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தம் வழியிலேயே சென்று அதே பொருளை எட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் லெடர்லே நிறுவனத்தில் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவினரிடமிருந்து வந்த மருந்துகளுள் ஒன்றுதான், யானைக்கால் நோயை ஒழிப்பதற்காகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்து வந்த டி.இ.சி. மாத்திரை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரம்பார்க்கும் சோதனையில் ஒத்த அளவுகள் வந்தாக வேண்டும் என்பதற்காக, முதல் அளவை மட்டும் குடுவையில் கண்டுவிட்டு மற்றவற்றைப் பேனாவினாலேயே வரவழைத்துக்கொள்ளும் வித்தை நம் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதும், எதிர்பார்க்கும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரீடிங்கைச் சரிக்கட்டுவதும் குற்றமாகவே கருதப்படுவதில்லை. மாணவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. சரியான விடைக்கே மதிப்பெண், மாறுபட்டு வந்த விடைக்குக் காரணம் தேடுவோருக்கு ஒன்றுமில்லை என்று வைத்திருக்கும் தேர்வு முறை அவர்களுக்கு வேறு எதைக் கற்பிக்கும்? நீலம் தாமதித்தது என்று உள்ளபடி எழுதிய நோட்டுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கூடுதலாக இரண்டு மதிப்பெண் போடுவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சிலரே.

பட்டம் பெற்றபின் உள்ள வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருந்துத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, உணவுப் பரிசோதனைக் கூடங்கள், மருத்துவமனை ஆய்வகங்கள், ஆசிரியப் பணி ஆகியவை இருசாராருக்கும் ஓரளவு பொதுவானவை. ஆராய்ச்சியை நாடுவோர் முதுகலை முடித்து சி.எஸ்.ஐ.ஆர். தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். வேதியியலாருக்கு அதில் வேதி அறிவியல் தாளும், உயிர்வேதியியலாருக்குப் பெரும்பாலும் உயிர் அறிவியல் தாளும் பொருந்தும். இளநிலையில் வேதியியல் படித்துவிட்டு ஜீவ ரசாயன ஆராய்ச்சிக்குச் செல்வோர் பலர். அதற்கு எதிர்த்திசையில் போவது சற்றுக் கடினம். ஆகையால் உயிர்வேதியியலை எடுக்கும் மாணவர், துணைப்பாடமாக வரும் வேதியியலில் தேறினால் போதும் என்று இருந்துவிடாமல், குறிப்பாகக் கரிம ரசாயனத்தையும் வினைவேகப் பகுதியையும் முதன்மைப் பாடத்துக்கு உரிய சிரத்தையோடு படிப்பது நல்லது. 1913-இல் மிக்கேலிசும் மாட் மென்டனும் வகுத்த என்சைம் வினைவேகச் சமன்பாடு மூன்றாமாண்டில் மிரட்டும்போது அந்தச் சிரத்தை கைகொடுக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகும் பெற்றோர், அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கிய கையோடு ஆய்வகத்தையும் ஒருமுறை காட்டும்படி கேட்கலாம். பிராக்டிகல் வகுப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறதா, தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் நடக்கிறதா, ஒரு கலரிமீட்டரை எத்தனை மாணவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் பெயருக்கு ஒரு ப்யூரெட்டாவது உண்டா, அல்லது நால்வர் சூழ்ந்து நிற்க ஒருவர் மட்டும் சோதனை செய்கிறாரா என்பவற்றை அங்குள்ள ஆய்வக உதவியாளரிடம் விசாரித்தால், விளம்பரத் தாளில் அச்சிடாத செய்திகள் பல கிடைக்கும்.